சுட்டாலும் சாகாத திருடன்

"ஹெ ஹெ ஹெ" என்று டிவிக்குள்ளிருந்து திருடன் மறுபடியும் சிரித்தான்.

கெங்கம்மாள் பிளாஸ்டிக் துப்பாக்கியை மடியில் போட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கால் ஸ்டூலின் மேல் நீட்டிக் கிடந்தது. முகத்தைத் திருப்பி, "இந்த ஊட்ல துப்பாக்கி கூட வேல செய்யாது போல" என்றாள் சுவரிடம்.

சுவரிடம்தான் சொல்வாள். மகள் நாகவல்லி தன் இஷ்டத்துக்கு ஜானகிராமனைக் கட்டிக்கொண்டதிலிருந்து, மருமகனோடு அவளுக்கு நேர்ப்பேச்சு கிடையாது. காட்டுப்பாக்கத்தில் தனியாக இருந்தவள் வாசற்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், வேறு வழியில்லாமல் பூந்தமல்லிக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

நாகவல்லிக்கு அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பகல் வேலை. ஜானகிராமனுக்கு ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். ஆகவே பகல் முழுக்க வீட்டில் இருப்பது மூன்றே பேர்: மாமியார், மருமகன், சுவர்.

"குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்று சுவரைக் கேட்பாள். சுவருக்குப் பதிலாக ஜானகிராமன் கொண்டுபோய் வைப்பான்.

இந்த மௌனம் தாங்காமல்தான் அவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த சிநேகிதன் பஷீருதீனிடம் போனான்.

"ரெண்டு பேர் பேசிக்காமயே பொழுத ஓட்றதுக்கு எதுனா கீதா பாய்?"

பஷீருதீன் பரண்மேலிருந்து ஒரு டிவி கேம் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். கூடவே ஒயர் தொங்கும் துப்பாக்கி ஒன்று. கேசட்டின் மேல் 'நூற்றைம்பது ஆட்டங்கள்' என்று ஸ்டிக்கர்.

"ஒருத்தர் ரிப்பேருக்குக் குடுத்தாரு. ரெடியாயிடுச்சு, வாங்கிக்கோன்னேன். வேணாம், நீயே வச்சுக்கோன்னுட்டு ஓடிட்டாரு."

"ஏன்?"

"ஆடிப் பாரு மாமே, தெரியும்."

தெரிந்தது. நூற்றைம்பதும் ஒரே ஆட்டம். பேங்க் ஜன்னலில் ஒரு திருடன் தலையை நீட்டுவான். சுட வேண்டும். குறி தப்பினால் சிரிப்பான். அடுத்த ஆட்டத்தில் அதே திருடன் கட்டம் போட்ட சட்டையில் வருவான். நடுநடுவே வெள்ளை உடுத்திய ஒரு கிழவி கூடையோடு தெருவைக் கடப்பாள். திருடனை எத்தனை முறை சுட்டாலும் படாது. கிழவி மேல் மட்டும் தவறாமல் படும். உடனே ஒப்பாரி மாதிரி ஒரு மியூசிக் வந்து ஆட்டம் முடிந்துவிடும்.

"ஐயோ அத்தே, அந்தக் கிழவிய சுட்டுட்டீங்க!"

"கொள்ளை நடக்கற எடத்துல அவளுக்கு இன்னா வேல?" என்றாள் கெங்கம்மாள், சுவரிடம்.

பஷீருதீன் வந்து பார்த்தான். "ரூம்ல வெளிச்சம் ஜாஸ்தி. இருட்டாக்கு."

ஜானகிராமன் ஜன்னல்களைக் கம்பளியால் மூடினான். அறை கும்மிருட்டானது. திருடன் இருட்டிலும் சிரித்தான். மாமியாருக்குக் காப்பி கொண்டுவந்த ஜானகிராமன், ஸ்டூலில் தடுக்கி மாவுக்கட்டின் மேலேயே விழுந்தான்.

"இன்னா மாப்ள, கண்ணு தெரியல?" என்று அலறினாள் கெங்கம்மாள்.

கல்யாணமானதிலிருந்து அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். காப்பி சுட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

மறுபடி பஷீருதீன் வந்தான். அந்தச் சின்ன பிளாக் அண்ட் ஒயிட் டிவியின் முதுகைக் கழற்றி, வெளிச்சத்தைக் கூட்டுகிறேன் என்று எதையோ திருகினான். திருடனின் முகம் மறைந்து பல் மட்டும் தெரிந்தது. சத்தம் உச்சத்தில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அன்றைக்குக் கிழவி செத்தபோதெல்லாம் ஒப்பாரி தெருமுனை வரைக்கும் கேட்டது.

எதிர்வீட்டுக் குப்பம்மாவும் அதைக் கேட்டாள். மூடிய ஜன்னல்களையும் பார்த்தாள். சற்று நேரத்தில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கையில் மாலையோடு, மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"எக்கா! காலுதானே ஒடிஞ்சிச்சு, அதுக்குள்ள பூட்டியேக்கா!"

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாருடி அவ குறுக்க? தள்ளு, திருடன் வர்ற நேரம்."

குப்பம்மா போட்ட கூச்சலில் கூட வந்தவர்கள் வாசலைத் தாண்டி ஓடினார்கள். விஷயம் புரிந்ததும் கெங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜானகிராமனும் சிரித்தான். மாலை வீணாகப் போக வேண்டாமென்று டிவிக்கே போட்டார்கள்.

ஆனால் மறுநாள் திருடன் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தான். கெங்கம்மாள் துப்பாக்கியைக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

"போதும் மாப்ள. நெதம் ஏறி எறங்கற படியிலயே உழுந்தவ நான். இத மட்டும் சுட்டுடப் போறனா? இனிமே என்னால ஒண்ணும் ஆவாது."

அவள் குரல் இப்படித் தளர்ந்து அவன் அதற்கு முன் கேட்டதில்லை. அவனைத் திட்டும்போதுகூட நிமிர்ந்தே இருந்த குரல் அது. காற்றாவது வரட்டும் என்று கதவைத் திறந்தான். வெயில் பளீரென்று உள்ளே விழுந்தது. கட்டிலிலிருந்து நழுவிய துப்பாக்கி, வாசலைப் பார்த்தபடி தரையில் மோதி 'டப்' என்றது.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு டிவியில் திருடன் விழுந்தான்.

ஜானகிராமனுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் துப்பாக்கிக்குத் திருடன் எங்கே நிற்கிறான் என்பதெல்லாம் கணக்கில்லை. வெளிச்சம் பட்டால் போதும்.

அடுத்த நாள், ஷிஃப்டுக்குக் கொண்டுபோகும் டார்ச் லைட்டைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு டிவியை ஒட்டி உட்கார்ந்தான்.

"ஒயரு லூசா கீது அத்தே. நான் புடிச்சுக்கறேன், நீங்க சுடுங்க."

"வேணாம் மாப்ள."

"ஒரே ஒரு வாட்டி."

அவள் சுட்டாள். அதே நொடி துண்டைச் சற்றே விலக்கி, துப்பாக்கியைப் பார்த்து அவன் டார்ச்சை அமுக்கினான்.

"ஐயோ!"

"உழுந்துட்டான் அத்தே!"

கெங்கம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது. "அடுத்தவன வரச் சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த பேங்கில் ஒரு திருடனும் பிழைக்கவில்லை. "ஜன்னல்கிட்ட வந்துட்டான் அத்தே, கோடு போட்ட சட்ட, இதோ தலைய நீட்றான்" என்று ஜானகிராமன் ரேடியோவில் கிரிக்கெட் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே இருப்பான். இடையிடையே அவளும் பேசினாள். நாகவல்லி சின்ன வயசில் பால்காரர் மாட்டைக் கட்டவிழ்த்து ஓட்டிவிட்ட கதையைச் சொன்னாள். அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னான். முகம்கூட ஞாபகமில்லை, ஒரு போட்டோவும் இல்லை என்றான்.

கெங்கம்மாள் வெகுநேரம் சுடவேயில்லை. திருடன் பாட்டுக்கு வந்து வந்து போனான்.

"நாளைக்கு மீன் வாங்கிகினு வா" என்றாள் கடைசியில். "குந்திகினே கொழம்பு வைக்கறேன். உனுக்கு ஒழுங்கா சோறு போட யாரு கீறாங்க?"

நாகவல்லி சாயங்காலம் வந்து கணவனின் சிவந்த கண்ணைப் பார்த்துத் திட்டுவாள். "நைட்டெல்லாம் முழிச்சுட்டு வந்து பகல்லயும் தூங்காம இன்னாய்யா ஆட்டம்?"

"உங்கம்மாதான் வுடமாட்றாங்க" என்பான் பெருமையாக.

பஷீருதீனிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். "மாமியாரையே டபாய்க்கிறியா நைனா? தெரிஞ்சா தோலை உரிச்சுடும்" என்றான் அவன். ஜானகிராமனுக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. கட்டுப் பிரித்தால் அவள் காட்டுப்பாக்கத்துக்குப் போய்விடுவாள்.

கட்டுப் பிரித்தார்கள். அங்கேயே நாலு எட்டு நடந்து காட்டச் சொன்ன டாக்டர், அவள் நாற்காலியில் இடித்துக்கொண்டதைக் கவனித்தார். "கால் நல்லாருக்கு. கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

நாகவல்லிக்கு லீவு கிடைக்கவில்லை. ஜானகிராமன்தான் மாமியாரைக் கையைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அவளை உள்ளே அழைத்துப் போய் வெகுநேரமாயிற்று. ராத்திரி ஷிஃப்டின் தூக்கம் கண்ணை அழுத்த, பெஞ்சில் சாய்ந்திருந்தவனை ஒரு நர்ஸ் வந்து தட்டி எழுப்பினாள்.

"கெங்கம்மா மாப்ள நீங்கதானே? ரெண்டு கண்ணுலயும் புரை முத்திக் கிடக்கு சார், டிவி பொட்டியில படம் தெரிஞ்சே ஒரு வருஷம் ஆச்சாம். நீங்க எதிர்ல உக்காந்து அடிக்கிற டார்ச் லைட்டு மட்டுந்தான் பளிச்சுனு தெரியுமாம், ஆபரேஷன் ஆனப்புறமும் தெனம் பக்கத்துல உக்காந்து அடிப்பீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."