பந்தய வண்டியைச் சாதுவாக்கிய கதை

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நம்பிக்கை இருந்தது. நாலு வார்த்தை பிரெஞ்சு பேசுகிறவனுக்கு உலகத்தில் தெரியாதது எதுவுமில்லை. மாட்டுக்கு வயிறு உப்பினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள், கடிகாரம் நின்றாலும் அவனைத்தான். வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் அந்த ‘அவன்’ நான். புதுச்சேரியில் படித்துவிட்டுப் பரீட்சையில் தோற்றுத் திரும்பியிருந்தேன். (தோற்றது ஊருக்குத் தெரியாது. முடிவு பிரெஞ்சில் வந்தது. அதைப் படித்துச் சொன்னவனே நான்தான்.)

என் பெரியப்பாவுக்குக் கரும்பும் நெல்லும் விளைகிற நிலம் இருந்தது. கூடவே கொம்யூனுக்கு மேர், அதாவது எங்கள் வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் தலைவர், ஆக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அவரை எதிர்த்து நின்றவர் அரிசி மில்காரர். மில்காரரிடம் கார் இருந்தது. பெரியப்பாவிடம் இருந்தது மாட்டு வண்டி. ஓட்டுப் போடுகிறவன் எதைத் திரும்பிப் பார்ப்பான் என்பதே பெரியப்பாவின் அப்போதைய கவலை.

அந்தச் சமயத்தில் தன் ஊருக்குக் கப்பலேறும் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியரின் சாமான்கள் புதுச்சேரியில் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒரு மோட்டார் சைக்கிள். மில்காரர் கையைத் தூக்கினார், பெரியப்பாவும் தூக்கினார். மில்காரர் கையை இறக்கிவிட்டார். பெரியப்பா இறக்க மறந்துவிட்டார்.

வண்டி கட்டை வண்டியில் வந்து இறங்கியது. பெரியம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இன்னாங்க இது, பாதி வண்டியத்தான் குடுத்தானா?”

அவள் கேட்டது நியாயம். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, சக்கரத்துக்கு மேல் மட்கார்டு இல்லை, பின்னால் உட்கார இடம் இல்லை, பிரேக்கும் இல்லை. இஞ்சினியர் வாலிபத்தில் பந்தயத்தில் ஓட்டிய வண்டி அது. கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருந்தது. ஓட்டுகிறவன் பல்லி மாதிரி டாங்கின் மேல் படுத்துக்கொள்ள வேண்டும். கிளட்ச் கிடையாது. என்ஜின் ஓடினால் சக்கரமும் ஓடும், அவ்வளவுதான். நிறுத்துவதற்கென்று இருந்தது கைப்பிடியில் ஒரே ஒரு பொத்தான். அதிலிருந்து ஒரு கம்பி என்ஜினுக்குப் போயிற்று.

“பிரெஞ்சுக்காரன் கொண்டாடற ஜூலை பதினாலு ஊர்வலத்துல நான் இதுல முன்னால போவணும். மில்காரன் காரு எனக்குப் பின்னால வரணும். நம்ம ரோட்டுக்கு ஏத்தாப்ல இத மாத்த முடியுமாடா?” என்றார் பெரியப்பா.

‘முடியாது’ என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியும். தமிழில் வாய் வரவில்லை. “ஆவும் பெரியப்பா” என்றேன்.

வண்டிப் பட்டறை ஆசாரியும் நானும் வேலையைத் தொடங்கினோம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மட்கார்டு செய்தோம். சைக்கிள் விளக்கை முன்னால் கட்டினோம். கைப்பிடியைப் பழுக்கக் காய்ச்சி மேல்நோக்கி வளைத்ததில் அது கெடா மாட்டின் கொம்பு போல ஆகிவிட்டது. பிரேக்குக்கு மாட்டு வண்டியின் தடைக்கட்டை. என்ஜின் சத்தம் ஊரையே தூக்கியதால், சத்தத்தை அடக்கப் பெரியம்மாவின் பித்தளைக் குடத்தைப் புகைக்குழாயில் மாட்டினோம். (அதற்குப் பிறகு வண்டி குடத்துக்குள்ளிருந்து உறுமியது.) பின்னால் பெரியப்பா உட்கார ஒரு பலகை, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. அவருடைய பட்டு வேட்டியில் எண்ணெய் தெறிக்காமலிருக்க என்ஜினைச் சுற்றித் தகரத்தால் ஒரு பாவாடை. பெட்ரோல் குழாயின் திருகும் அந்தப் பாவாடைக்குள் போய்விட்டது.

“இது ஓடுமா தம்பி?” என்றார் ஆசாரி.

ஸ்டாண்டில் நிறுத்தி ஓட்டிக் காட்டினேன். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றியது, வண்டி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. பரம சாதுவான வண்டி என்று முடிவு கட்டினேன். பொத்தானை அழுத்தினேன், நின்றது.

ஊர்வலத்தன்று காலையில் பெரியப்பா ஏறி உட்கார்ந்து பார்த்தார். கைப்பிடியை உயர்த்தியதால் நீளம் போதாமல், அந்தப் பொத்தான் கம்பி விறைப்பாக வந்து அவர் முழங்காலில் உரசியது.

“இந்தக் கம்பி இன்னாத்துக்கு? வேட்டியில மாட்டுதே.”

“அது பந்தயத்துக்கு வெச்சது பெரியப்பா. ரோட்டுக்குத் தேவையில்ல” என்று சொல்லி அறுத்துப் போட்டேன். ஆசாரி என்னை மரியாதையோடு பார்த்தார். பிரெஞ்சு படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வில்லியனூர் வரை வண்டியைக் கட்டை வண்டியிலேயே ஏற்றிப் போனோம், அழுக்காகிவிடக் கூடாதே என்று. கடைத்தெருவில் பேண்டு வாத்தியம், சொல்தா என்று நாங்கள் சொல்கிற சிப்பாய்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மில்காரரின் கார் எல்லாம் வரிசையாக நின்றன. எல்லாருக்கும் முன்னால் நாங்கள்: ஓட்ட நான், பின்பலகையில் பெரியப்பா. பெரியப்பா ஒரு மூங்கிலில் பிரெஞ்சுக் கொடியைக் கட்டி நிமிர்த்திப் பிடித்திருந்தார். நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். குடம் ஒரு முறை இருமியது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, பேண்டு வாத்தியம் வெகு தூரத்தில் கேட்டதுதான். அவர்கள் முதல் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் கடைத்தெருவைத் தாண்டியிருந்தோம்.

பெரியப்பாவுக்கு முதலில் சந்தோஷம். இரண்டு பக்கமும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு வந்தார். பிறகு, “மெதுவாடா! ஜனங்க என்னைப் பாக்க வேணாமா?” என்று கத்தினார்.

“நிக்கல பெரியப்பா!”

“யாரு நிக்கல? மில்காரன் எலெக்சன்ல நிக்கலயா?”

“வண்டிதான் நிக்கல!”

தடைக்கட்டையை மிதித்தேன். அது புகைந்தது, பிறகு தனியாகக் கழன்று ஒரு வேலிக்குள் போயிற்று. பெட்ரோலை மூடக் குனிந்தேன், கையில் பட்டது தகரப் பாவாடை. பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன். அறுந்த கம்பி காற்றில் ஆடியது. அரியூர் வந்தது, போயிற்று. பெரியப்பா கொடியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பார்க்க ஜனம் இருக்கும்வரை கொடியை விடுகிற ஆளில்லை அவர். ஒரு கையால் கொடி, இன்னொரு கையால் என் குடுமி.

அரியூரைத் தாண்டினால் கண்டமங்கலம். அது இங்கிலீஷ்காரன் மண். எல்லையில் சுங்கச் சாவடி. குறுக்கே ஒரு மூங்கில். எங்களைப் பார்த்த காவலாள் மூங்கிலைத் தூக்கிவிட்டு ஓடினான். அவனுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். சாவடிக்கு அப்பால் சாலை வளைந்தது. வண்டி வளையவில்லை. வரப்பைத் தாண்டி ஒரு நாற்றங்காலில் இறங்கிச் சேற்றில் பாதி புதைந்தது. குடம் குமிழி விட்டுக்கொண்டே அடங்கியது.

கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். பெரியப்பா இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பிரெஞ்சுக் கொடி செங்குத்தாகக் குத்தி நின்று படபடத்தது.

சுங்க அதிகாரி வரப்பில் வந்து நின்றார்.

“இது பிரிட்டிஷ் சர்க்கார் மண்ணு. கொடிய நட்டிருக்கீரே, படையெடுத்து வந்தீரா?”

“ஐயா, பிரேக்கு இல்லீங்க” என்றார் பெரியப்பா. தம் அரசியல் வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அதிகாரி நம்பவில்லை. “குடத்துல இன்னா, கள்ளப் பிராந்தியா?” என்று தொட்டுப் பார்த்தார். குடம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கையை உதறிக்கொண்டே பாவாடையைக் கழற்றச் சொன்னார், மெத்தையைக் கிழித்தார், பஞ்சைப் பறக்கவிட்டார். கடத்தல் சரக்கு எதுவும் அகப்படாத கோபத்தில் எங்களைப் பைத்தியம் என்று தீர்மானித்து, கொடியைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம். சேறு காயக் காய நான் மேற்கொண்டு வாழ்வதா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். பெரியப்பா சுருட்டிய கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தார். இதோடு மேர் கனவு முடிந்தது என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

வில்லியனூர் எல்லையில் கூட்டம் நின்றது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் கூட்டத்தின் கையில் மாலை இருந்தது. எங்களுக்கு முன்னால் சைக்கிளில் வந்த யாரோ செய்தி சொல்லியிருக்கிறார்கள்.

“இங்கிலீஷ்காரன் சாவடிய ஒடைச்சிக்கினு உள்ள போயி நம்ம கொடிய நட்டுட்டு வந்தீங்களாமே! மெய்தானா?”

பெரியப்பா என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தூரத்தில் காருக்குள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த மில்காரரைப் பார்த்தார். மெதுவாகச் சேற்று மீசையைத் தடவிக்கொண்டார்.

“இன்னா பின்ன? வேணும்னேதான் போனேன்” என்றார்.

பேண்டு வாத்தியக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள். பெரியப்பா அந்தத் தேர்தலில் ஜெயித்தார். என்னைப் பற்றிக் கேட்டவர்களிடம், “டிரைவர் பையன், பயந்துட்டான்” என்று மட்டும் சொன்னார்.

காலம் மாறியது. பிரெஞ்சுக்காரன் கிளம்பிப் போனான். அதற்குள் பெரியப்பாவின் கதையும் மாறிவிட்டிருந்தது. “அந்தக் காலத்துலயே பிரெஞ்சுக் கொடியத் தூக்கிச் சேத்துல வீசினவன் நானு” என்று மேடையில் பேசினார். அதற்கும் மாலை போட்டார்கள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும், தடுக்கி விழுந்தவன் வேண்டுமென்றே விழுந்ததாகச் சொன்னால், ‘கொடி நட்டுட்டான்’ என்பார்கள். தீய்ந்த தோசையை முறுகல் என்று பரிமாறினால் கொடி. பரீட்சையில் தோற்ற பேரன் அந்தப் பாடமே பிடிக்கவில்லை என்றால் கொடி. போன மாதம் தோட்டத்தில் வழுக்கி வாழைப்பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவசரமாகக் கைக்கு எட்டிய புல்லைப் பிடுங்கிக்கொண்டே, “களை எடுக்கறேன்” என்றேன்.

“எடுங்க, எடுங்க” என்றாள். “கொடிக் கம்பு வேணுமா, இல்ல கையோட எடுத்துக்கினு போனீங்களா?”