எல்லாம் சேர்த்து முந்நூற்று நாற்பத்தொன்று

இரணியல்.

மதிப்பிற்குரிய வக்கீல் மச்சான் கபிரியேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை ஷைஜாவின் கணவனும், ஐந்நூறு வீடுகளுக்கு டிவி காட்டிக்கொண்டிருந்தவனுமாகிய சத்தியராஜ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், கேபிள் தொழிலைத் தவிர.

போன மாதம் எங்கள் வீட்டில் கோழிக்கறி சாப்பிட்டபடி நீங்கள் சொன்னீர்கள்: "மாப்பிள, போர்டுல ஒரு வெல, பில்லுல வேற வெல வாங்குனா இப்பம் சட்டப்படி குற்றம், கேட்டீரா? வரி, வாடக எல்லாம் சேத்துதான் எழுதணும்." நான் பயந்தவன். மறுநாளே "மாதம் 180 மட்டும்" போர்டை இறக்கிவிட்டு, சேனல், வரி, பாக்ஸ் வாடகை எல்லாம் கூட்டி, "மாதம் 341. இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது" என்று எழுதிவைத்தேன். முன்பும் நான் 341தான் வாங்கினேன் மச்சான். எழுதியதுதான் புதுசு.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் லீலாபாய். "என்ன சத்தியராஜே, ஒரேயடியா ரெட்டிப்பாக்கிட்டியே, நல்லா இருப்பியா?" போன மாத ரசீதைக் காட்டினேன். அதிலும் 341. "அது பில்லு. போர்டுல நூத்தியெண்பதுன்னுல்லா கெடந்துது? இப்பம் பாத்தா நெஞ்சு வலிக்கி." கணக்கு டீச்சர்! பாக்ஸை என் மேஜையில் வைத்துவிட்டு நேரே எதிர்க்கடை கேபிள்காரன் பெனிஷிடம் போனார். அவன் போர்டில் 149. அந்த 149க்கு பாக்ஸில் சிவப்பு லைட்டு எரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் தனித்தனி. டீச்சர் இப்போது 395 கட்டுகிறார். ஆனால் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நூற்று நாற்பத்தொன்பது என்றுதான் பெருமை அடிக்கிறார். மைதீன் கனி பாய் வந்து போர்டையே முறைத்துப் பார்த்தார். "இவ்வளவையும் வெளிய சொல்லுத ஆளு, உள்ள எவ்வளவு வச்சிருப்பான்!" அவரும் போயாச்சு. ஒரே மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடு போச்சு மச்சான், வயர் மட்டும் சும்மா தொங்குது. ஷைஜாவிடம் அழுதால், "அண்ணன் சட்டஞ் சொல்லும். அத நீங்க எதுக்குக் கேக்கப் போனீங்க?" என்கிறாள்.

ஆகவே பெனிஷ் மேல் காரமாக ஒரு புகார் மனு எழுதித் தரவும். உங்கள் பீஸ், டைப்பிங், ஸ்டாம்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடவும்.

மாமிக்கு வணக்கம். கர்த்தர் உங்கள் வாய்தாக்களை ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
சத்தியராஜ்

பி.கு.: மனு வேண்டாம். கவர் ஒட்டும்போது பெனிஷே வந்தான். நீங்கள் நோட்டீஸ் விடுவீர்கள் என்று பயந்து நாளை முதல் அவனும் முழு விலை போடுகிறானாம், 395. "இனி நேர்மதான் அண்ணே" என்று கையைப் பிடித்து அழுதான். பாவம், நல்ல பையன். பெயிண்டரை உடனே வரச்சொல்லிவிட்டேன்: "மாதம் 99 மட்டும்." மீதியை எத்தனை சின்ன எழுத்தில் எழுதலாம் என்று சட்டத்தில் பார்த்துச் சொல்லவும்.