துரை வண்டி

"வீட்டுக்குள்ள என்னமோ செத்துக் கெடக்குதுங்க," என்றாள் லோஜினி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

விஜிதரன் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். "ஒண்ணும் சாகல. இது கப்பல் வாசம். இங்கிலாந்துலருந்து கடல் தாண்டி வந்த வண்டி. உப்புக்காத்து இரும்புல ஊறியிருக்கு. ஒனக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போவுது?"

பழைய மோட்டார் சைக்கிள் ஹாலின் நடுவில் நின்றது. அதற்கு இடம் விட்ட சோபா விறாந்தையில் சாரலில் நனைந்துகொண்டிருந்தது.

வலப்பனைப் பக்கத்திலிருந்து இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கிளாக்கராக மாற்றலாகி வந்து விஜிதரனுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. வந்த இடத்தில் யாரோடும் ஒட்டவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்களோடு பேச்சு வைத்தால் கிளாக்கர் மதிப்புக் கெட்டுவிடும் என்பது அவன் கொள்கை. அப்படிப்பட்டவன் மஸ்கெலியாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மஃறூப் நானாவின் பின்கட்டில் இந்த வண்டியைக் கண்டான்.

"யாரு வண்டி நானா?"

"துரைட வண்டி," என்றார் மஃறூப். "துரை நாட்டை விட்டுப் போகச்செல்ல எங்கிட்டத் தந்துட்டுப் போன."

விஜிதரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோட்டத்தை ஆளுகிறவர் துரை. அதிலும் நாட்டை விட்டுப் போன துரை என்றால் வெள்ளைக்காரத் துரைதான், வேறு யார்? அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற கெட்ட பழக்கம் அவனிடம் எப்போதுமே இருந்ததில்லை.

அவனுக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது. தோட்டத்தின் இப்போதைய துரையான கஜேந்திரன், மலை உச்சியில் பூட்டிக் கிடந்த பெரிய பங்களாவைச் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்கள் தேடினார். ஒரு மேனேஜரும் தேடினார். விஜிதரன் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டான். துரை வண்டியைப் புதுசாக்கிப் பங்களா முகப்பில் நிறுத்திவிட்டால் மேனேஜர் நாற்காலி தானாக வந்து சேரும். மேனேஜருக்குப் பங்களா வளவிலேயே ஒழுகாத வீடு உண்டு. லோஜினி ஹாலை விட்டுக்கொடுத்தது அந்த ஒழுகாத கூரைக்காகத்தான்.

ஆனால் வாசம் போகவில்லை. சவுக்காரத் தூளும் வெந்நீரும் போட்டுக் கழுவினான். வெந்நீர் பட்டதும் வாசம் தூக்கம் கலைந்து எழுந்து வீடெல்லாம் நடமாடியது. சாம்பிராணி போட்டான். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாசம் பிறந்தது. அதற்குப் பேர் வைக்க யாராலும் முடியாது. கடைசியில் குற்றம் சீட்டில்தான் என்று முடிவுகட்டி, அதன் பஞ்சைப் பிய்த்தெடுத்து லோஜினியின் பொங்கல் பானையில் போட்டு அவித்தான்.

அரை மணி நேரத்தில் சுற்றுவட்டாரத்துப் பூனையெல்லாம் ஜன்னலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"பூனைக்கெல்லாம் என்னங்க, இங்கிலாந்து ஞாபகம் வந்திருச்சா?" என்றாள் லோஜினி. "அந்தப் பானையில இனி நீங்கதான் பொங்கித் தின்னணும், சொல்லிட்டேன்."

அடுத்தது எஞ்சின். எஞ்சினைக் கழற்றுவது எப்படி என்று போனில் வீடியோ பார்க்கலாம். ஆனால் வீட்டில் சிக்னல் கிடையாது, பெக்டரி வளைவில்தான் கிடைக்கும். அங்கே மழையில் குடையோடு நின்று பார்ப்பான். மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வருவான். வழியில் பாதி மறந்துபோகும். மறந்த பாதியை மூளையைக் கொண்டு நிரப்புவான். இப்படி மாட்டியதில், கியர் போட்டால் ஹாரன் அடித்தது.

வண்டியின் பின்னால் ஒரு பெரிய இரும்புச் சட்டம் அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னத்துக்குங்க?"

"தொரையோட நாய் ஒக்கார. வேட்டைக்குப் போறப்ப."

"நாயா? ரெண்டு மூட்டை சிமெந்து வைக்கலாம் போல இருக்கே."

"வெள்ளக்காரன் நாய் அப்படித்தான் இருக்கும்!"

பங்களாவுக்கு அது அழகில்லை என்று, இரும்பு அறுக்கும் வாளை வாங்கி வந்து அறுத்தான். சட்டம் போனது, நல்லது. அதோடு பின்லைட்டும் மட்கார்டும் கூடவே போயின. அவற்றைக் கம்பியால் கட்டி, கம்பி தெரியாமல் பெயின்ட் அடிக்கத் துணிந்தான். பெயின்ட் அடிக்கப் பழைய பெயின்ட்டைச் சுரண்டினான். சுரண்டச் சுரண்ட நீலத்துக்குக் கீழே சிவப்பு வந்தது, சிவப்புக்குக் கீழே எழுத்து வந்தது.

லோஜினி குனிந்து வாசித்தாள். "முருகன் துணை."

விஜிதரன் இன்னும் கொஞ்சம் சுரண்டினான். எழுத்து இன்னும் தெளிவாகத்தான் வந்தது.

"தொரைக்குக் கதிர்காமத்தான் மேல அப்படி ஒரு பக்தி!" என்றான் விஜிதரன்.

"தமிழ்லயா எழுதியிருப்பாரு?"

"அந்தக் காலத்துத் தொரைங்க தமிழ் படிச்சுப் பரீட்சை எழுதித்தான் தோட்டத்துக்கே வருவாங்க. போய் டீய ஊத்து."

அவள் போனாள். அவனைத் திருத்துவதைவிட டீ ஊற்றுவது லேசு.

இதற்கிடையே அவனுக்கு ஒரு சாட்சியும் கிடைத்தாள். கொழுந்து எடுக்கும் வேலாயி ஒரு நாள் கூடையோடு மலைக்குப் போகும்போது, திறந்திருந்த கதவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடியாத்தி! இது தொரை வண்டிங்களா?"

விஜிதரனின் கையிலிருந்த குறடு நழுவியது. "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? தொரை இதுல வந்தான்னா லயமே வாசலுக்கு ஓடியாந்துரும்ங்க!"

விஜிதரனுக்குச் சுருக்கென்றது. "என்னது, வந்தானா? தொரையப் போயி அவன் இவன்னு பேசுற? மரியாதையா வந்தாருன்னு சொல்லு!"

வேலாயி திகைத்துப்போனாள். பிறகு அவள் முகமெல்லாம் சிரிப்பானது. "சரிங்கையா. தொரை வந்தாருங்க." சொல்லிப் பார்த்ததில் அவளுக்கே வெட்கம் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு மலையேறினாள்.

"பாத்தியா?" என்றான் விஜிதரன் உள்ளே பார்த்து. "வண்டிச் சத்தம் கேட்டாலே லயமே எழுந்து வந்து நிக்குமாம். அது அதிகாரம்! இன்னைக்கு எவனுக்கு இருக்கு?"

அதன்பிறகு வேலாயி தினமும் எட்டிப்பார்த்தாள். "தொரை வண்டி எப்படிங்க இருக்கு?" என்பாள். "தொரை போனதுலருந்து லயமே சப்புன்னு கெடக்குதுங்க," என்பாள். அவளை உட்காரச் சொல்ல அவனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனாலும், லயத்து ஆட்களுக்குப் பழைய விசுவாசம் இன்னும் போகவில்லை என்று மனம் குளிர்ந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜேந்திரன் துரை இரண்டு வெள்ளைக்கார விருந்தாளிகளோடு ஜீப்பில் வந்து இறங்கினார். விஜிதரன் கோட்டு போட்டிருந்தான். லோஜினி பட்டுச் சேலை கட்டியிருந்தாள். முற்றத்தில் கறுப்புப் பெயின்ட் பளபளக்க வண்டி நின்றது. "முருகன் துணை" மட்டும் அப்படியே விடப்பட்டு, சந்தனம் வைக்கப்பட்டிருந்தது. வேலிக்கு வெளியே லயத்துச் சனம் கூடிவிட்டது. இன்றைக்குத் தவறினால் மேனேஜர் நாற்காலியும் இல்லை, ஒழுகாத வீடும் இல்லை. லோஜினி கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விஜிதரன் கிக்கரை மிதித்தான். மிதித்தான். கோட்டைக் கழற்றிவிட்டு மிதித்தான். வண்டி இருமியது, பிறகு உயிர் வந்து அலறியது. சனம் கை தட்டியது. லோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

எஞ்சின் சூடேறியது. சூடேறியதும் வாசமும் ஏறியது. விருந்தாளிகள் இருவரும் மெதுவாகக் கைக்குட்டையை எடுத்தார்கள். கூரை மேல் பூனைகள் வந்து சேர்ந்தன.

"கப்பல் வாசங்க," என்றான் விஜிதரன் அவசரமாக.

கஜேந்திரன் வண்டியைச் சுற்றி வந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தத் துரையோடது? இங்க ஏழெட்டுப் பேரு இருந்திருக்காங்க. கெஸ்ட் கேட்டா பேரு சொல்லணும். ஆதாரம் இல்லாம பங்களாவுல வைக்க முடியாது, விஜிதரன். மத்ததையும் அப்புறம்தான் பேசணும்."

மற்றது என்பது மேனேஜர் நாற்காலி. பேரை யார் கண்டார்? விஜிதரனின் கண்கள் வேலியை மேய்ந்தன. அங்கே, நல்ல சேலை கட்டி, வண்டியையே பார்த்தபடி வேலாயி நின்றாள். போன உயிர் அவனுக்குத் திரும்பி வந்தது.

"வேலாயிம்மா!" என்றான். அந்த 'அம்மா' அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு லோஜினியே திரும்பிப் பார்த்தாள். "இங்க வாங்கம்மா. தொரை, இவங்க கண்ணால பாத்த சாட்சி. அந்தத் தொரைய நல்லாத் தெரிஞ்சவங்க!"

வேலாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கும்பிட்டாள்.

கஜேந்திரன் கேட்டார்: "உண்மையாவே உங்களுக்குத் தெரியுமா?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க! என்னையவிட யாருக்குங்க தெரியும்?"

விஜிதரன் விருந்தாளிகளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினான். "பயப்படாம சத்தமாச் சொல்லுங்கம்மா. இந்த வண்டிய ஓட்டுனது எந்தத் தொரை?"

வேலாயி சேலையைச் சரிசெய்துகொண்டாள். முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கட்டாருக்கு வேலைக்குப் போன எம் மவன் தொரைதாங்க! இதுல பொட்டி வச்சுத்தானே லயம் லயமா மீன் வித்தாரு!"