மூன்று சவுக்கார வேகம்

ஊவா மாகாணத்திலேயே சவுக்காரத்தைத் துணியில் தேய்க்காமல் துப்பாக்கியால் சுட்டே தீர்த்த மனிதர் எங்கள் பிட்டர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்திருந்தால், பக்கத்து வீட்டில் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியும் இருந்திருப்பான், பாவம்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீட்டில் குடியிருந்தேன். அடுத்த வீட்டில் பிட்டர். பிட்டர் என்பது அவர் பார்த்த வேலை; தேயிலை பெக்டரியில் மெஷின்களைக் கழற்றிப் பூட்டியே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருக்காது. என் சுவர்க்கடிகாரத்தைச் சரிசெய்து தந்தார். அதன் பிறகு அது இரண்டு மணிக்கு ஒன்பது அடித்தது.

அவர் மனைவி செல்லம்மாக்கா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறவர். ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஒரு தடிக்குரங்கு தோளில் பாய்ந்து கடித்துவிட்டது. அன்றிலிருந்து தனியாகத் தண்ணீருக்குப் போகமாட்டார். பிட்டருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எயார் ரைபிள் வாங்கப் பதுளைக்குக் கிளம்பினார், என்னையும் இழுத்துக்கொண்டு.

கடைக்கார நானா நான்கு ரைபிள்களை எடுத்து வைத்தார். பிட்டர் ஒவ்வொன்றையும் மடக்கிக் காதோடு வைத்துக் கேட்டார். பளபளப்பான மூன்றையும் தள்ளிவிட்டு, கட்டையெல்லாம் கீறல் விழுந்த ஒன்றை அணைத்துக்கொண்டார்.

"ஸ்பிரிங்க எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம் சேர். காத்த அடைக்கிற சிலிண்டர் பெருசா இருக்கணும். அதத்தான் மாத்த முடியாது."

என் நிம்மதி அன்றோடு போனது. உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றி வீசிவிட்டு, பெக்டரியில் கழித்துப் போட்ட மெஷின் ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தினார். பிஸ்டனுக்குத் தோல் வாஷர் நான் காலில் போடும் சப்பாத்திலிருந்து வந்தது. அந்தச் சப்பாத்து பழசாகிவிட்டது என்பதை அவரே முடிவு செய்திருந்தார். வேகத்தை அளக்கத்தான் சவுக்காரம். கட்டிகளை வரிசையாக நிறுத்திச் சுடுவார். குண்டு எத்தனை கட்டியைத் துளைக்கிறதோ அதுதான் அளவு. இன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்றரை என்று வாசலில் வந்து அறிவிப்பார். எனக்குச் சோறு இறங்காது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. சவுக்காரத்துக்குப் பின்னால் ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் பீலி. யாராவது குறுக்கே வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கும் ஏற்பாடு இருந்தது. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு எல்லாரும் கொழுந்து மலைக்கு ஏறிய பிறகுதான் சுடுவாராம். அந்த நேரம் பீலியடியில் ஈ காக்கை இருக்காதாம்.

மூன்று சவுக்காரத்தை எட்டிய நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பெரட்டும் இல்லை, வேலையும் இல்லை. ஓய்வு பெற்றவருக்கு எல்லா நாளும் ஒன்றுதானே, மறந்துவிட்டார். குண்டு மூன்று கட்டிகளையும் பலகையையும் துளைத்துக்கொண்டு போய், மற்றப் பெண்களோடு பீலியடியில் நின்ற செல்லம்மாக்காவின் பிளாஸ்டிக் குடத்தில் ஏறியது. குடம் அவர் இடுப்பில் இருந்தது. சேலை நனைந்து காலில் கொட்டியது. அது தண்ணீர்தான் என்று தெரிவதற்குள் என் உயிர் போய் வந்தது. பிட்டர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் ஸ்பிரிங்கை நறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சுருளாக நறுக்கி, ஒவ்வொரு முறையும் சுட்டுப் பார்த்தார். கடைசியில் குண்டு சவுக்காரத்தைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது. அப்போதுதான் அவர் கை நின்றது.

"அவகிட்ட சொல்லிராதீங்க சேர். துப்பாக்கி இருக்குங்கிற தைரியத்துலதான் தண்ணிக்குப் போவா."

அதன் பிறகு காலையும் மாலையும் குடத்தோடு அக்கா முன்னால், ரைபிளோடு பிட்டர் பின்னால். குரங்குகள் மரத்தில் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்தன.

மாற்றலாகிப் போகும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ரைபிளைக் கவனமாக வைத்திருக்கச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"குடத்துல ஓட்ட போட்டதுக்குப் பெறகும் சுடுற ஸ்பிரிங்க வச்சிருப்பாரா? எனக்கு அவரத் தெரியாதா சேர்? அவருகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. பெறகு எங்கூட வரமாட்டாரு."

இரண்டு பேரின் ரகசியத்தையும் இத்தனை நாள் காப்பாற்றியவன், இன்று பத்திரிகையில் உளறிவிட்டேன். ஸ்பிரிங்வெளிப் பக்கம் யாராவது இதைப் படித்தால், தயவு செய்து அந்த லயத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். அவர்கள் சேர்ந்தே தண்ணீருக்குப் போய் வரட்டும்.