கூலிங் பாயின் பெருநாள் விடுமுறை

தஞ்சாவூர், திருவாரூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், ப்ரிட்ஜை நம்பிப் பிழைத்துக்கொண்டு ப்ரிட்ஜையே ஜென்ம விரோதியாக நினைத்த இன்னொரு மனிதரைக் காட்ட முடியாது. முத்துப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருந்த கூலிங் பாயைத்தான் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை.

வருஷம் முழுக்கத் தங்கமான மனிதர். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் மட்டும் ஆள் மாறிவிடுவார். ஊரே ப்ரிட்ஜைத் தேடும் அந்த வாரத்தில் கடை ஷட்டரை இறக்கிவிட்டுத் தலைமறைவாகிவிடுவார். பெருநாளுக்கு அறுக்கும் குர்பானிக் கறியில் வீட்டுக்கு ஒரு பங்கு, சொந்தபந்தத்துக்கு ஒரு பங்கு, இல்லாதவர்களுக்கு ஒரு பங்கு. நாலாவதாக ப்ரிட்ஜுக்கு ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பது அவர் வாதம். மருந்து வைத்திருக்கும் ப்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்றால் மட்டும் ஓடிவருவார். சரிசெய்துவிட்டு, ஃப்ரீஸர் கதவில் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டுப் போவார்.

கறியை எடுத்து வைத்துச் சாப்பிடுவதில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிப் பார்த்தார். தப்பென்று நான் சொல்லவில்லையே, கை ஓட மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் என்றாராம் பாய். என்னிடம் இன்னும் சுருக்கமாகச் சொன்னார். “அல்லாவுக்குக் கறி போய்ச் சேரப் போறதில்ல சார். பக்கத்து வீட்டுக்காவது போய்ச் சேரட்டுமே.”

ஒரு வருஷம் எதிர்வீட்டு ஜுலைகா அம்மாள் வந்து மாட்டினார். தெருவே அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடும் அவருக்கு ஒரே மகன், சவூதியில் வேலை. வருஷக்கணக்காகப் பெருநாளுக்கு ஊர்ப்பக்கம் வராதவன் அந்தத் தடவை வருவதாகச் சொல்லியிருந்தான். டிக்கெட் கிடைத்ததோ பெருநாளுக்கு மூன்றாம் நாள்தான். குர்பானிக் கறியை எடுத்துவைத்துத் தன் கையால் ஆக்கிப்போட வேண்டும் என்பது தாயாரின் ஆசை. பெருநாளுக்கு முந்தின நாள் ப்ரிட்ஜ் மண்டையைப் போட்டது. அக்கம்பக்கத்து ப்ரிட்ஜ்களில் ஈ நுழைய இடமில்லை.

சிபாரிசுக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனார்.

“மூணு நாள் மட்டும் ஓடட்டும் தம்பி. என் புள்ள ஒரு வாய் தின்னதும் அது நின்னு போனாலும் சரி.”

பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கறியப் பூராவும் கொடுத்துடுங்க ராத்தா. உங்க புள்ள சாப்பிடுவான்.”

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பாய் முகத்திலேயே முழிக்கவில்லை. வேறு வழியில்லாமல் ராத்தா கறியை எல்லாம் கொடுத்துவிட்டார்.

பெருநாள் முடிந்தது. ஊர் ஆடெல்லாம் பிரியாணியாகிவிட்டன. கூலிங் பாய் குர்பானிக்கு வாங்கிய ஆடு மட்டும் கடை வாசலில் அகத்திக்கீரை மென்றுகொண்டு நின்றது. என் கட்டுரை வந்த பத்திரிகையையும் தின்றது. என்னைக் கடைசி வரி வரை விடாமல் முடித்த வாசகர் அது ஒன்றுதான். ஆட்டுக்கும் சேர்த்து லீவா என்று தெருவே கேலி செய்தது. பாய் ஆட்டுக்கு இன்னொரு கட்டுக் கீரை போட்டார்.

மூன்றாம் நாள் காலையில் மகன் காரில் வந்து இறங்கினான். கொஞ்ச நேரத்தில் கூலிங் பாய் தூக்குவாளியோடு ராத்தா வீட்டு வாசலில் நின்றார். வாளிக்குள் அப்போதுதான் அறுத்த கறி. பெருநாளுக்குப் பிறகும் மூன்று நாள் வரை குர்பானி கொடுக்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“உசுரோட நிக்கிறது கெட்டுப்போகாதுல்ல ராத்தா” என்றார்.

ராத்தா வாளியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். முதல் தட்டு மகனுக்கு, இரண்டாவது தட்டு பாய்க்கு. சாப்பிட்டுக் கை கழுவிய பாய், மறுநாள் வந்து ப்ரிட்ஜையும் ஓட வைத்தார்.

நான் இப்போது தஞ்சாவூரில் இருக்கிறேன். எங்கள் வீட்டு ப்ரிட்ஜ் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பாழாய்ப்போன பெட்டி என்றைக்குக் கெடும், கூலிங் பாயை வரச்சொல்ல எனக்கு என்றைக்கு ஒரு சாக்குக் கிடைக்கும் என்று காத்திருக்கிறேன்.