வாலு அறை ஃபேனும் வீட்டு சர்வரும்

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் இந்த வீட்டில் எதுவும் தொலையக் கூடாது. சொந்தக் கையால் வீட்டுக்கு ஒரு சர்வர் கட்டிவிடுவது.

அவர் முடிவுக்கு வந்தால் மெயின் சுவிட்ச் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். ஊரில் இருக்கிற லிஃப்டெல்லாம் அவர் காதை வைத்துக் கேட்டாலே போதும், எங்கே வலி என்று சொல்லிவிடும். வீட்டுச் சாமான்கள் மட்டும் அவரிடம் ஏனோ முறுக்கிக்கொள்ளும். அவர் சரிபண்ணிய மிக்ஸி தக்காளியைக் கூரைக்கு அனுப்பியது. அவர் மாட்டிய காலிங்பெல் வாசலில் ஆள் வந்தால் கம்மென்று இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் அடித்தது. "அப்பா, ஃபிரிட்ஜுக்குள்ள யாரோ வந்திருக்காங்க பாருங்க" என்று வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

வாலு அவர்களுக்கு ஒரே பெண். சின்ன வயசில் வைத்த பட்டப்பெயர், வேலைக்குப் போன பிறகும் ஒட்டிக்கொண்டது. வெளியூரில் வேலை. போன வருஷம் அங்கே ஒரு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பாவி மகள் திரும்பி வரவேயில்லை.

அவள் அம்மாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் மட்டும் மிச்சம். அம்மாக்காரி தினமும் காலையில் அடுப்பைப் பற்றவைப்பாள், போனைத் தட்டுவாள். "அம்மா, குக்கர் விசிலே வர மாட்டேங்குது, வெடிச்சிருமா?" சமையலறை முழுக்க வாலுவின் குரல் கேட்கும். மெக்கானிக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவுக்கு ஓடுவார். அவள் போன நாளிலிருந்து ஒரு மெசேஜைக்கூட அவர் முழுசாகக் கேட்டதில்லை. ஒரு சொட்டு அழுததுமில்லை.

"இவ இப்படியே கேட்டுக்கிட்டிருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அவருக்குக் கவலை. மனைவிக்காகத்தான் கவலையாம்! அப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்குப் பார்த்து மனைவி போனை நீட்டினாள்.

"ஏங்க, போன்ல இடமே இல்லையாம். ஒரு போட்டோ எடுக்க விடமாட்டேங்குது."

அவருக்குக் கும்பிடப்போன சாமியே குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

"கவலைப்படாதே. வீட்டுக்கே ஒரு சர்வர் கட்டிடுறேன்."

"சர்வர்னா?"

"எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கும். கேட்டா கொண்டுவந்து கொடுக்கும்."

"ஓட்டல் சர்வர் மாதிரியா?"

"அதே மாதிரி."

"கேட்டதும் 'தீர்ந்துபோச்சு'ன்னு சொல்லிடாதில்ல?"

அவருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவருடைய திட்டமே அதுதான்.

திட்டம் எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு மட்டும் தெரியும். க்ளினிக்கில் தூக்கிப்போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கப் போனபோது, மெக்கானிக் அவர் காதில் ஓதியிருந்தார்.

"டாக்டர், உங்களோட இருக்கட்டும். குரலையெல்லாம் இதுல ஏத்திட்டு, போன்லேருந்து அழிச்சிடுவேன். இதுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிடுவேன். கேட்டா ரிப்பேர்னு சொல்லிக்கலாம். காதுல விழாம இருந்தா கொஞ்ச நாள்ல மனசு ஆறிடும்."

"யாருக்கு?" என்றார் டாக்டர்.

"அவளுக்குத்தான். வேற யாருக்கு?"

டாக்டர் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தால் கிராம்புத் தைல வாசனை. உள்ளே தூசி பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. மெக்கானிக் அதை ஊதினார், தும்மினார், ஹால் முழுக்க ஸ்க்ரூவைப் பரப்பினார். இரண்டு புது ஹார்டு டிஸ்க்கை உள்ளே மாட்டினார். மாட்டி முடித்த பிறகும் நாலைந்து ஸ்க்ரூ மிச்சம் இருந்தது. மனைவி பார்ப்பதற்குள் அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு ரெண்டு டிஸ்க்?" என்றாள் மனைவி.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும். இதுல ஒண்ணை எழுதினா அந்த நொடியே அதுலயும் எழுதிக்கும். கண்ணாடி மாதிரி."

"அப்ப இதுல ஒண்ணை அழிச்சா?"

"அதுலயும் அழிஞ்சிடும். அழிக்கப் போறது யாரு? நான்தானே பாத்துக்கறேன்?"

"அதான் கேட்டேன்" என்றாள் அவள்.

அடுத்த சிக்கல் கேபிள். சர்வரை ரூட்டரோடு இணைக்க வேண்டும். ரூட்டர் இருந்தது வாலுவின் அறையில். சிக்னல் வரவில்லை என்று சண்டை போட்டு அவள்தான் அதை அங்கே கொண்டுபோயிருந்தாள். அந்த அறைக்குள் மெக்கானிக் கால் வைத்து வருஷமாகிறது. கதவு சாத்தியே இருக்கும். மனைவி மட்டும் பெருக்கப் போவாள், வருவாள்.

அவர் ஒரு யோசனை பண்ணினார். சர்வரை ஹாலில் செருப்பு அலமாரிமேல் வைத்தார். பாம்பு நீளத்துக்குக் கேபிள் வாங்கினார். அதன் நுனியைத் துடைப்பக் குச்சியில் கட்டி, கதவுக்கு அடியில் விட்டு உள்ளே தள்ளினார். அந்தப் பக்கம் மனைவி பிடித்து இழுத்தாள்.

"சொருகிட்டியா?"

"சொருகிட்டேன்."

"பச்சை விளக்கு எரியுதா?"

"என்னமோ எரியுது. பச்சையா மஞ்சளான்னு நீங்களே வந்து பாருங்களேன்."

"நீயே சொல்லு, போதும்."

"கதவைப் பூட்டலைங்க, சும்மா சாத்தித்தான் இருக்கு."

"பச்சையான்னு கேட்டேன்!"

"பச்சைதான்" என்ற குரல் ரொம்பத் தளர்ந்து வந்தது. மெக்கானிக் கதவுக்கு வெளியே துடைப்பமும் கையுமாக நின்றார்.

சர்வர் உயிர் பெற்றுவிட்டது! மிக்ஸி மாதிரி எதையும் தெறிக்கவிடாமல், காலிங்பெல் மாதிரி கூவாமல், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் மார்பை நிமிர்த்திக்கொண்டு மனைவியின் போனை லேப்டாப்பில் மாட்டினார். முதலில் கண்ணில் பட்டது ஒரு வீடியோ. பெரிய வீடியோ. சீலிங் ஃபேன் ஒன்று சுற்றுகிறது. சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. 'டக்... டக்... டக்...' என்று சத்தம் வேறு. அடுத்ததும் அதே ஃபேன். அதற்கடுத்ததும் அதே. போனை அடைத்துக்கொண்டு கிடந்ததே இந்த ஃபேன்தான்.

"என்னடி இது?"

"கை பட்டிருக்கும்."

"இத்தனை தடவையா? யார் வீட்டு ஃபேன் இது? ஏதோ லூஸா இருக்கு, சத்தமே சொல்லுது."

"உங்களுக்குத் தெரியலையா?"

"ஃபேன்ல என்ன இருக்கு தெரியறதுக்கு? எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மெக்கானிக் ஃபேன் அத்தனையையும் அழித்தார். மற்றதையெல்லாம் சர்வரில் ஏற்றினார். இனி போனில் குரல்களை அழித்துவிட்டு, இங்கே பாஸ்வேர்டைப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாம் நம்பரா இருக்கு?"

"ஃபைல்னா நம்பராத்தான் இருக்கும்."

"எது குக்கர், எது மஞ்சச் சட்டைன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பேர் போட்டுக் குடுங்க."

"நீயே போட்டுக்கோ."

"சர்வர் கட்டினது நீங்களா நானா? ஒவ்வொண்ணுக்கும் பேர் போடுங்க. அதுவரைக்கும் போன்ல ஒண்ணும் அழிக்க விடமாட்டேன்."

போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த இடுப்பிலிருந்து எதையும் திரும்ப வாங்கிய வரலாறு அவருக்கு இல்லை.

பேர் போட வேண்டுமென்றால் கேட்க வேண்டும். வேறு வழி? மெக்கானிக் சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, முதல் ஃபைலைத் தட்டினார். பாதியில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தார். ஆனால் வாலு எந்த விஷயத்தையும் முதலில் சொல்ல மாட்டாளே! ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வருவாள். கடைசி வரை கேட்டால்தான் பேர் போட முடியும்.

'குக்கர் வெடிக்குமா' என்று தட்டினார். 'மஞ்சச் சட்டை சாயம் போச்சு' என்று தட்டினார். 'பஸ்ஸில் தூங்கி அடுத்த ஊருக்குப் போனது'. அதைக் கேட்டபோது அவரை மீறிச் சிரிப்பு வந்தது. 'சும்மாதான்மா போட்டேன்'. அதைக் கேட்டபோது எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மனைவி கூப்பிடவில்லை. தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ஆகும்போது ஒன்று வந்தது.

"அம்மா, மறுபடி அப்பாகிட்ட சொல்லும்மா. நான் சொன்னா 'இந்தா, நாளைக்கு'ன்னு சொல்லியே ஏமாத்தறாரு. ஊர் லிஃப்டெல்லாம் போய்ப் போய்ப் பாக்கறாரே, என் ரூம் ஃபேன் டக் டக்குன்னு அடிச்சுக்குது, அது காதுல விழாதா அவருக்கு? அடுத்த லீவுக்கு வரப்ப அது சத்தம் போட்டுச்சுன்னா, அப்பா தலைமாட்டுல கொண்டுபோய்க் கட்டிடுவேன். சொல்லிடு!"

மெக்கானிக் எழுந்தார். அந்தக் கதவை எத்தனை தடவை அவர் தாண்டிப் போயிருப்பார், பார்க்காத மாதிரி! திறந்தார். சுவிட்சைப் போட்டார்.

டக்... டக்... டக்...

அதே ஃபேன்.

"ஏணி கட்டிலுக்குப் பின்னாடி இருக்கு" என்றாள் மனைவி, முதுகுக்குப் பின்னாலிருந்து. "ஸ்பேனர் மேஜை மேல."

அவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியைப் போட்டு ஏறினார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நட்டு கழண்டிருக்கு" என்றார்.

"ஃபேனுக்கா, உங்களுக்கா?"

ஒரே ஒரு நட்டு. திருகி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக்கால் இறங்க முடியவில்லை. ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, ஏணி மேலேயே நின்று, ஒரு வருஷத்து அழுகையை ஓவென்று அழுதார். தூசியும் கண்ணீருமாக மனைவியின் தலையில் விழுந்தது. அவளும் அழுதாள். ஏணியை மட்டும் விடவில்லை.

"அவ குரலைப் பூட்டி வைக்கத்தான் இந்த சர்வரைக் கட்டினேன்" என்றார் கடைசியில்.

"தெரியும். நீங்க டாக்டர் காதுல சொன்னது, அவர் சம்சாரம் வழியா அன்னிக்கே எனக்கு வந்தாச்சு."

"அப்ப அந்த ஃபேன் வீடியோ?"

"போன் நிறைஞ்சாத்தானே நீங்க கை வைப்பீங்க? கை வச்சாத்தானே அவ குரலைக் கேப்பீங்க? நான் மட்டும் தனியாக் கேட்டு அழுதுக்கிட்டே இருக்கறதாங்க?"

இறங்கி சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. சத்தமே இல்லை. துளி சத்தமில்லை. அந்த அமைதியில் இருவரும் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார்கள். லீவுக்கு வந்து அவள் படுத்துக்கொண்டு கேட்ட சத்தம், போயே போய்விட்டது.

அவருக்குத் திடீரென்று தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ! அந்த வீடியோவை அழிச்சுட்டேனே! அந்தச் சத்தம் அதுல மட்டும்தானே இருந்துச்சு!"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அரிசி டப்பாவுல பென் டிரைவ் இருக்கு. நீங்க சர்வர் கட்டுறேன்னதுமே டாக்டர் சம்சாரத்தைக் கூப்பிட்டு எல்லாத்தையும் அதுல ஏத்திட்டேன்."