வக்கீல் யாருக்கும் அடிமை இல்லை

உலகத்தில் எதற்குமே அடிமையாகாத கடைசி மனிதர் தான்தான் என்று ஞாயிறு காலை வக்கீல் அறிவித்தபோது, அவர் மனைவியான பல் டாக்டர் போனில் தன் புதுப் போட்டோவுக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகம் தெரியாத எவனோ கட்டைவிரலைத் தூக்கினாத்தான் உனக்குக் காபி இறங்குமா?"

"நீங்க காபி குடிக்கலாமான்னே ஏஐகிட்ட கேக்கறவர்."

"அது ஆலோசனை. அங்க நான் அடிமை இல்லை, கட்சிக்காரன்."

பேச்சு முற்றிப் பந்தயமானது. இரவு சாப்பாடு வரை இருவரும் எந்த போனையும் தொடக்கூடாது. தொட்டவருக்கு இனிமேல் பட்டன் போன்தான். நடுவரான வக்கீலின் மாமியார் இருவர் போனையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். நடுவருக்கு மட்டும் விலக்கு என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

முதல் சிக்கல் சட்டையில் வந்தது.

"நீலமா, வெள்ளையா?"

"வெள்ளை."

வக்கீல் நகரவில்லை.

"அதான் சொல்லிட்டேனே."

"சொன்னே. நல்ல கேள்வின்னு சொல்லலையே."

டாக்டருக்கு நோய் புரிந்துவிட்டது. "அருமையான கேள்விங்க. நிறத்தைப் பத்தி இவ்வளவு ஆழமா யோசிக்கறவங்க ரொம்பக் குறைவு. வெள்ளை."

வக்கீல் முகம் மலர்ந்தது. அதுதான் வினை. வலது பக்கம் சாய்ந்து படுப்பதா இடது பக்கமா, எதிர்வீட்டு நாய் தன்னை மட்டும் ஏன் மதிப்பதில்லை என்று கேட்டுக்கொண்டே குளியலறைக் கதவு வரை வந்துவிட்டார்.

"இன்னைக்கு இலவசக் கேள்வி தீர்ந்துபோச்சு," என்றது உள்ளிருந்து குரல்.

"சந்தா கட்டினா?"

"பாத்திரம் கழுவினாத் திறக்கும்."

கழுவினார். ஒவ்வொரு டம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது சுத்தமா? சுருக்கமாச் சொன்னாப் போதும்," என்றார். பாராட்டிப் பாராட்டி டாக்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மாலையில் மாமியார் தன் போனும் கையுமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன அத்தை?"

"நீங்க டம்ளர் கழுவினதை வீடியோ எடுத்துப் போட்டேன் மாப்பிள்ளை. லைக் கொட்டுது."

"மானம் போச்சு," என்றார் வக்கீல். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு கொட்டுது?"

"நீங்களே பாருங்களேன்."

வாங்கிப் பார்த்தார். 'கணவர்னா இவர்தான்' என்று யாரோ எழுதியிருந்ததை நின்று நிதானமாகப் படித்தார். விரல் தானாகக் கீழே இறங்கியது.

"பட்டன் போன்," என்றார் டாக்டர்.

வக்கீல் நிமிரவில்லை. "இரு, இன்னும் ரெண்டு பேர் போட்டிருக்காங்க."

மாமியார் மகள் பக்கம் சாய்ந்தார். "இவரை எப்படித் தோக்கடிக்கறதுன்னு இவரோட ஏஐகிட்டயேதான் கேட்டேன்டி. லைக்கைக் காட்டுங்கன்னு சொல்லுச்சு."